மந்தம் கேட்கவில்லை

தூத்துக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. 

லேப்டாப்பில் நீ செய்து அனுப்பிய மூன்று ஹிப்-ஹாப் பீட்டும் வந்து சேர்ந்தன. கூடவே "எப்படி இருக்கு மாமா, ஃபீட்பேக் சொல்லுங்க" என்று ஒரு வரி. நான்கு நாளாகப் பதில் இல்லையே என்று நினைத்திருப்பாய். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்ப ஒரு நொடி போதும். எனக்கு மனம் வரவில்லை. மச்சு அறையில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு விடிய விடிய செய்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அப்படிச் செய்த வேலையை உட்கார்ந்து கேட்டு, உட்கார்ந்து எழுதுவதுதான் முறை.

முதல் நாள் ஃபோனிலேயே கேட்டேன். இரண்டாம் நாள் மாப்பிள்ளையின் காரில், திருச்செந்தூர் ரோட்டில் போகும்போது. மூன்றாம் நாள் பேத்தியின் ஹெட்ஃபோனில். நான்காம் நாள் மறுபடி ஃபோனில், சத்தத்தைப் பாதியாகக் குறைத்து. எங்கே கவனம் நழுவியதோ அந்த நிமிடத்தையும் நொடியையும் ஒரு தாளில் குறித்தேன். தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. அதற்கு முன் ஒரு பழைய கதை சொல்லவேண்டும்.

நான் மைக் செட் வைத்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை. கணியான் கூத்து. நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய்: நடுவில் அண்ணாவி பாடுவார், பெண் வேடம் கட்டிய இரண்டு பேர் ஆடுவார்கள், பின்னால் இரண்டு பேர் மகுடம் அடிப்பார்கள். இரண்டு மகுடமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்று உச்சம், மற்றது மந்தம். நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள். உச்சம் பேசும், மந்தம் அதைத் தாங்கும். நான் அண்ணாவிக்கு ஒரு மைக், மகுடத்துக்கு ஒரு மைக் வைத்திருந்தேன். சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இடைவேளையில் அண்ணாவி வந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தம்பி, மந்தம் கேட்கலையே. அந்த மைக்குல சத்தத்தைக் கூட்டு" என்றார். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. ஊரே பாராட்டுகிறது, இவர் என்ன சொல்கிறார் என்று. ஆனாலும் ஆட்டம் மறுபடி தொடங்கியதும் கூட்டினேன். மைக் ஊளையிட்டது. ஆட்டம் நின்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டுத்தானே இப்படி ஆயிற்று என்று கோபம். கூட்டியதைக் குறைத்துவிட்டு, மைக்கை விட்டு நகர்ந்து ஜனங்களோடு போய் நின்றேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் செட்டை நானே வெளியே நின்று கேட்டேன். அவர் சொன்னது உண்மை. மந்தம் இல்லவே இல்லை. மைக்கை உச்சத்துக்கு நேரே வைத்துவிட்டிருந்தேன். எடுத்து மந்தத்தின் பக்கம் ஒரு முழம் நகர்த்தினேன். சத்தத்தைக் கூட்டவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு தோலும் சேர்ந்து பேசின. ஆடுகிறவர்களின் கால் மாறியதைக் கண்ணால் பார்த்தேன்.

இதிலிருந்து நான் கற்றதைத்தான் உனக்குச் சொல்ல நினைக்கிறேன். கேட்கிறவர் "இந்த இடத்தில் குறை" என்றால் நம்பு. "இப்படிச் சரிசெய்" என்றால் அதை உன் காதால் சோதித்துவிட்டு நம்பு. அண்ணாவிக்கு நோய் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. மருந்து தெரியவேண்டியது அவருக்கல்ல, எனக்கு. "808 கொஞ்சம் கம்மியா இருக்கு, ஏத்து" என்று பீட்டின் அடிச்சத்தத்தைப் பற்றி உன் சிநேகிதன் சொன்னால், ஏற்றுவதற்கு முன்னால் அது ஏன் கம்மியாகக் கேட்கிறது என்று தேடு. அதன்மேல் வேறொன்று உட்கார்ந்திருக்கும்.

ஃபீட்பேக் என்று எழுதியிருந்தாயே, எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருள் உண்டு. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மைக்கில் புகுந்து, மறுபடி ஸ்பீக்கருக்கே போய், சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையாக மாறுவதுதான் ஃபீட்பேக். நீ இதுவரை கேட்டு வாங்கியது பெரும்பாலும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. உன்னைப் போலவே அதே பாட்டுகளைக் கேட்கும் நான்கு பேரிடம் நீயே "இது செமையா வந்திருக்கு, கேளு" என்று சொல்லிக் கொடுக்கிறாய். அவர்கள் "செம" என்று திருப்பித் தருகிறார்கள். உன் குரலே பெரிதாகித் திரும்பி வருகிறது.

அதனால் இனிமேல் போட்டுக் காட்டும்போது ஒன்றும் சொல்லாதே. "இன்னும் முடியல", "இந்த இடத்துல ராப் வரும்" என்றெல்லாம் முன்னுரை வேண்டாம். போட்டுவிட்டு அவர்களுடைய தலையையும் காலையும் பார். ஃபோனை எடுத்துப் பார்க்கிற நொடியைக் குறித்துக்கொள். முடிந்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் வரும், நம் ஊர் மனிதர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். "எந்த இடத்துல சலிப்பு தட்டுச்சு?" என்று கேள். "இப்ப உனக்கு எது ஞாபகம் இருக்கு, வாயால போட்டுக் காட்டு" என்று கேள். அவர்கள் முனகிக் காட்டுவது எதுவோ, அதுதான் உன் பீட்டின் முகம். நீ இரண்டு நாள் உழைத்த மெலடியாக அது இல்லாமல், ஒரு சின்னத் தட்டாகக்கூட இருக்கலாம். தனித்தனியே மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தைத் திற. ஒருவர் மட்டும் காட்டினால் குறித்து வை, பொறு.

எல்லோரையும்விட ஒருவர் முக்கியம்: அதன்மேல் பாடப்போகிறவர். உன்னோடு படித்த பையன் ராப் எழுதுகிறான் என்றாயே, அவனிடம் பீட்டைக் கொடுத்து பதினாறு பார் சொல்லச் சொல். அவனுக்கு எங்கே மூச்சு முட்டுகிறது, எந்தச் சொல்லை அவன் கத்திச் சொல்லவேண்டியிருக்கிறது என்று பார். அந்த ஒரு மணி நேரம் நூறு "செம"க்குச் சமம்.

இனி உன் மூன்று பீட்டுக்கு வருகிறேன்.

முதலாவது. ஹெட்ஃபோனில் கேட்டபோது நெஞ்சு அதிர்ந்தது. ஃபோனில் கேட்டபோது அடித்தளமே காணாமல் போயிற்று, மேலே சலங்கை மாதிரி ஹை-ஹாட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காரில் கேட்டபோது எல்லாம் குழம்பாகி கண்ணாடிதான் அதிர்ந்தது. மூன்று இடத்தில் மூன்று மாதிரி. உன் 808 ஐம்பது ஹெர்ட்ஸ் பக்கத்தில் நிற்கிறது. ஃபோனில் இருக்கிற கட்டைவிரல் நக அளவு ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. நான் குழாய் ஸ்பீக்கர் காலத்து ஆள், இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். கூம்புக் குழாய்க்கும் அடிச்சத்தம் வராது. ஆனாலும் வில்லுப்பாட்டில் குடத்தின் வாயை மட்டையால் அடிப்பது அந்தக் குழாயிலும் ஊரெல்லாம் கேட்டது. எப்படி? குடத்துக்கு உள்ளேயிருந்து வரும் "தும்" குழாயில் தொலைந்துபோகும், வாயில் மட்டை படும் "தப்" தொலையாது. அந்தத் "தப்"பைப் பிடித்துக்கொண்டு காது மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். உன் 808-க்கும் ஒரு "தப்" வேண்டும். அதன்மேல் கொஞ்சம் சாச்சுரேஷன் போடு. நூறு, நூற்றைம்பது, இருநூறு ஹெர்ட்ஸில் அதன் சாயல்கள் எழும். ஃபோனில் அடி கேட்காவிட்டாலும் அடி இருக்கிறது என்று காது ஊகித்துவிடும்.

காரில் குழம்பியதற்குக் காரணம் வேறு. கிக்கும் 808-உம் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் விழுகின்றன. ஒரே வாசலில் இரண்டு பேர் நுழைந்தால் இருவரும் சிக்குவார்கள். கிக்கைக் குட்டையாக்கு, அல்லது கிக் விழும்போது 808 ஒரு கணம் ஒதுங்கும்படி சைடுசெயின் வை. இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: 808-க்கும் சுருதி உண்டு. உன்னுடையது மெலடியின் சுருதியைவிட ஒரு அரைஸ்வரம் இறங்கி நிற்கிறது. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து சேராவிட்டால் எவ்வளவு பெரிய வித்துவான் வாசித்தாலும் ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது. கேட்டவர்கள் "என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

808-இன் கதையும் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ரோலண்ட் கம்பெனி 1980-இல் அந்த டிரம் பெட்டியைக் கொண்டுவந்தது. நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததால் காசில்லாத பையன்கள் கைக்கு அது போனது. நிஜமாக இல்லாத அந்தச் சத்தத்தையே அவர்கள் தங்கள் சத்தமாக்கிக்கொண்டார்கள். அதனால் உன்னிடம் இருப்பது பழைய லேப்டாப் என்று வருத்தப்படாதே.

இரண்டாவது பீட் எனக்கு மிகவும் பிடித்தது. அதனால்தான் அதன் குறை அதிகமாக வலிக்கிறது. எல்லா அடியும் கோட்டில் அளந்து வைத்த மாதிரி விழுகிறது. நீ குவாண்டைஸ் பொத்தானை அழுத்தியிருக்கிறாய். டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லாவைக் கேள். எம்பிசி 3000 என்ற பெட்டியில் அந்தப் பொத்தானைப் பல இடங்களில் விட்டுவிட்டு விரலாலேயே தட்டிச் செய்தவர். ஸ்னேர் ஒரு மயிரிழை முந்தும், கிக் ஒரு மயிரிழை பிந்தும், கேட்கிறவன் தலை தானாக ஆடும். 'டோனட்ஸ்' என்ற அவருடைய ஆல்பம் 2006 பிப்ரவரி 7-ஆம் தேதி, அவருடைய 32-ஆவது பிறந்தநாளில் வெளிவந்தது. மூன்று நாளில் இறந்துபோனார். நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதில் வேலை செய்தார் என்கிறார்கள். அவர் பயன்படுத்திய எம்பிசி இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மென்பொருளில் "ஹியூமனைஸ்" என்று ஒன்று இருக்குமாம், அடிகளைத் தாறுமாறாகக் கலைத்துவிடும் என்று பேத்தி காட்டினாள். அது வேண்டாம். மகுடம் அடிக்கிறவர் தாறுமாறாகப் பிந்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே அளவுதான் பிந்துவார். அதுதான் அவருடைய நடை. நீ கிக்கைக் கோட்டிலேயே வைத்துக்கொண்டு, ஸ்னேரையும் ஹாட்டையும் மட்டும் விரலால் தட்டிப் பதிவுசெய். பத்துத் தடவை தட்டு, நன்றாக வந்ததை எடு.

மூன்றாவதைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது. அதில் நீ இளையராஜாவின் ஒரு இடையிசையை வெட்டிச் சுழற்றியிருக்கிறாய். புல்லாங்குழல் அழகாகத்தான் இருக்கிறது. இந்த ஹிப்-ஹாப் கலையே அப்படிப் பிறந்ததுதான். 1973 ஆகஸ்டில் நியூயார்க் பிராங்ஸில் கூல் ஹெர்க் என்ற இளைஞர், தங்கை வைத்த விருந்தில், ஒரே பாட்டின் டிரம் பகுதியை இரண்டு இசைத்தட்டில் மாற்றி மாற்றி ஓட்டியதிலிருந்து ஆரம்பம் என்பார்கள். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தில் 1980-ஆம் வருடத்து 'நிழல்கள்' படப் பாட்டை எடுத்துத்தான் தமிழ் ராப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஆக, எடுத்தது தவறு என்று சொல்லவில்லை. வீட்டில் பழகுவதற்கு எடு, ராஜாவின் இசையைப் பிரித்துப் பார்ப்பதே பெரிய படிப்பு. ஆனால் வெளியிடுவதென்றால் அனுமதி வேண்டும். 2002-இல் அமெரிக்காவில் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற பாடகியின் பாட்டில், பப்பி லாஹிரி இசையமைத்த ஒரு இந்திப் பாட்டை அனுமதி கேட்காமல் சேர்த்தார்கள். வழக்கு வந்தது. லாஹிரியின் பெயரைப் போடாமல் அந்த ஆல்பத்தை விற்கக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. பெரிய கம்பெனி தாங்கும். நீ தாங்கமாட்டாய்.

தொழில்நுட்பக் குறையும் ஒன்று உண்டு. அந்தக் குழல் குரலின் இடத்திலேயே ஓடுகிறது. ஆயிரத்திலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை சொல்லின் தெளிவு உட்காரும் இடம். மேடைப் பேச்சுக்கு மைக் வைக்கும்போது நாங்கள் காப்பாற்றுவது அதைத்தான். தமிழில் ஒற்று போனால் பொருளே போய்விடும்: படமும் பட்டமும் ஒன்றா? ராப் வரும் இடத்தில் குழலை எடுத்துவிடு, பல்லவியில் மட்டும் கொண்டுவா.

அதைவிட ஒன்று சொல்கிறேன். உன் மூன்று பீட்டிலும் நம் ஊர் ஏரல் எங்கே? எந்த ஊர்ப் பையனும் இணையத்தில் எடுக்கக்கூடிய சத்தங்கள்தான் எல்லாம். உன்னைச் சுற்றி மகுடம், உடுக்கை, உறுமி, குடம் எல்லாம் இருக்கின்றன. எம்.ஐ.ஏ. என்ற ஈழத் தமிழ்ப் பெண் லண்டனிலிருந்து சென்னைக்கு வந்து உறுமியைப் பதிவுசெய்து 2007-இல் உலகத்துக்குக் கொடுத்தார். உனக்கு அது நடந்து போகும் தூரம். ஃபோனையே எடுத்துக்கொண்டு போ. மகுடத்துக்கு ஒன்றரை அடி தள்ளி, தரையில் அல்ல, இடுப்பு உயரத்தில் வை. ஒவ்வொரு அடியையும் தனித்தனியே, மெதுவாக, நடுவாக, பலமாக அடிக்கச் சொல்லிப் பதிவுசெய். வாசிப்பவருக்குக் கூலி கொடு. பாட்டு வெளிவரும்போது அவர் பெயர் அதில் இருக்கவேண்டும். பணத்தை நான் தருகிறேன், பெயரைப் போடுவது உன் கடமை. 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு 2021-இல் உலகமெல்லாம் போன பிறகு யாருக்கு எவ்வளவு உரிமை, யார் பெயர் எங்கே என்று எவ்வளவு மனவருத்தம் வந்தது என்று நீயும் படித்திருப்பாய். ஆரம்பத்திலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

ஊர்ச் சத்தத்தைப் பதிவுசெய் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உனக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஏரல் நாள்கணக்கில் தீவாகக் கிடந்தது. என் மைக் செட் கடையில் ஆம்ப்ளிஃபயர் போயிற்று, பாக்ஸ்களின் காகிதக் கோன் ஊறிக் கூழாயிற்று. அதற்கெல்லாம் நான் அழவில்லை. கொடைகளில் செட் போடும்போது பதிவுசெய்து வைத்த கேசட்டுகள், ஒரு தகரப் பெட்டி நிறைய, சேறாகிப் போயின. அந்த அண்ணாவியின் குரலும் அதில்தான் இருந்தது. அவர் இப்போது இல்லை. உன் ஃபைல்களை லேப்டாப்பில் மட்டும் வைக்காதே. ஒரு ஹார்டு டிஸ்க், அது ஊரில் அல்ல, இங்கே என் வீட்டில் இருக்கட்டும். இணையத்திலும் ஒரு பிரதி போடு. திருத்துவதற்கு முன் பழையதை அழிக்காமல் தேதி போட்டுச் சேமி. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், திருத்தத் திருத்தக் கெட்டுப்போனது எந்தத் தேதியில் என்று தெரியும். கெடுவதும் உண்டு.

சின்னச் சின்னதாக இன்னும் இரண்டு. உனக்குப் பிடித்த ஒரு பாட்டோடு உன்னுடையதை மாற்றி மாற்றிக் கேள், ஆனால் இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்துக்கொண்டு. சத்தம் கூடியது எப்போதும் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். இரவு இரண்டு மணிக்கு எடுத்த முடிவை அன்றைக்கே அனுப்பாதே. நான்கு மணி நேரம் கேட்ட காது காது அல்ல. காலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, சத்தத்தைக் குறைத்து ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்பு. ஸ்டேட்டஸில் வீடியோவாகப் போட்டால் சத்தம் நசுங்கும். எனக்கு ஃபைலாகவே அனுப்பு.

நான் சொன்னதிலும் எல்லாம் சரியாக இருக்காது. குழாய் ஸ்பீக்கரில் பழகிய காது என்னுடையது, ட்ராப் என்று நீங்கள் சொல்லும் வகையை இப்போதுதான் கேட்கப் பழகுகிறேன். நான் காட்டிய இடங்களை நம்பு. மருந்தை நீ தேடு.

ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் கோயிலுக்கு வருகிறேன். கூட்டம் கலைந்த மறுநாள் மத்தியானம் உன் மச்சு அறைக்கு வருவேன். அந்த ராப் பாடும் பையனையும் வரச் சொல். வெள்ளத்துக்குப் பிறகு பழுதுபார்த்த ஒரு பாக்ஸ் மட்டும் என்னிடம் இருக்கிறது, அதையும் கொண்டு வருகிறேன். முதல் பீட்டைத் திருத்தி வை, மூன்றாவதில் குழலுக்குப் பதில் என்ன வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

இரண்டாவது பீட்டில் ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் எல்லாச் சத்தமும் நின்று அரை நொடி வெறுமையாக இருக்கிறது. நீ வேண்டுமென்று விட்டதா, வெட்டும்போது தவறியதா, எனக்குத் தெரியாது. நான்கு நாளும் அந்த இடத்துக்காகக் காத்திருந்து கேட்டேன். காரில் மாப்பிள்ளைகூட அந்த இடத்தில் ஸ்டியரிங்கைத் தட்டினார். யார் என்ன சொன்னாலும் அதில் கை வைக்காதே.

அன்புடன்,
உன் மாமா